சேதிக்குச் சொந்தக்காரி

அன்று மெஸ்ஸுக்குள் இருந்தவர்கள் பதின்மூன்று பேர். மெஸ் நடத்தும் வேதவல்லி அக்கா. அங்கே பரிமாறும் செல்வி. நடிகர். நடிகரின் மேனேஜர். டைரக்டர். கேமராக்காரர்கள் இரண்டு பேர். சவுண்டுக்கு ஒருவர், லைட்டுக்கு ஒருவர், மேக்கப்புக்கு ஒருவர். சென்னையிலிருந்து வந்த ஆராய்ச்சிப் பெண். சாப்பிட்டு முடித்துக் கை கழுவ எழுந்திருப்பதற்குள் "யாரும் அசையாதீங்க" என்று சொல்லிவிட்டதால், காய்ந்த கையோடு மூலை மேஜையில் மாட்டிக்கொண்ட மருந்து கம்பெனி ரெப் ஒருவர். பதின்மூன்றாவது ஆள் நான்.

இப்படி ஆள் ஆளாக எழுதக் காரணம் இருக்கிறது. அப்படி ஒரு சம்பவமே நடக்கவில்லை என்று பிறகு ஷோ எடுத்த கம்பெனியில் சொன்னார்கள். பதின்மூன்று பேர் கண்ணால் பார்த்ததை நடக்கவில்லை என்று சொல்ல எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும், யோசித்துப் பாருங்கள்.

ஷூட்டிங்குக்கு லோக்கல் ஏற்பாடு பார்க்கும் பிள்ளைகளே, போன மாதம் உங்களில் இரண்டு பேர் என் வீட்டுக்கு வந்தீர்கள். "பிரபலங்களோட பூர்வீகத்தைத் தேடுற ஷோ மறுபடி ஆரம்பிக்குதாம்ணே. திருச்சி பார்ட் எங்களுக்கு வந்திருக்கு. டிப்ஸ் குடுங்க" என்று கேட்டீர்கள். சிரித்துக்கொண்டே கேட்டீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். அன்று வாயில் வராததை இப்போது எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுத்து. குற்றம் குறை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

நான் வேன் ஓட்ட வந்தவன். ஷூட்டிங்காரர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோய், லாட்ஜ் பிடித்துக் கொடுத்து, அப்படியே இந்த லோக்கல் ஏற்பாட்டு வேலைக்குள் விழுந்தேன். இருபத்தாறு வருஷம் ஓடிவிட்டது. முழங்கால் ஒத்துழைக்காததால் போன வருஷம் நிறுத்திக்கொண்டேன். பயந்த சுபாவம் எனக்கு. ஏழு மணி ஷூட்டிங் என்றால் ஐந்து மணிக்கே போய்ப் பூட்டிய கதவுக்கு முன்னால் நிற்பேன். வண்டியில் டீசல் இருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்துவிட்டு, நாலாவது தடவை டிரைவரையும் பார்க்கச் சொல்வேன். மழை வருமோ, கரண்ட் போகுமோ, சாப்பாடு பத்தாதோ என்று எல்லாவற்றுக்கும் பயந்தேன். ஒரே ஒரு விஷயத்துக்குப் பயப்பட்டிருக்க வேண்டும். அதற்கு மட்டும் பயப்படவில்லை.

இந்த ஷோ எப்படி நடக்கும் என்று உங்களுக்கு ஓரளவு தெரிந்திருக்கும். பிரபலத்துக்கு எதுவும் முன்கூட்டித் தெரியக் கூடாது. வீட்டைக் கண்டுபிடிப்பது, சொந்தக்காரரைக் கண்டுபிடிப்பது, பழைய பதிவேட்டைத் தேடி எடுப்பது எல்லாம் நம் வேலை. பிரபலம் வந்து கேமரா முன்னால் முதல் தடவை பார்க்க வேண்டும், முதல் தடவை அழ வேண்டும். அந்த அழுகைக்குத்தான் விளம்பரம் வருகிறது.

அழுகையைப் பற்றி எனக்கு ஆரம்பத்திலேயே தெரிந்துபோயிற்று. ஒரு பாடகிக்கு உறையூரில் தாத்தா வீட்டைக் காட்ட வேண்டும். நான் பதற்றத்தில் ஒரு தெரு முன்னாலேயே வண்டியைத் திருப்பிவிட்டேன். அந்தம்மா யாரோ ஒருவர் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து, நிலைக்கதவைத் தடவிக்கொடுத்து, இருபது நிமிஷம் தேம்பித் தேம்பி அழுதார். வீட்டுக்காரப் பெண்மணி என் காதோரம் வந்து, "யாருங்க இவங்க? பாவமா இருக்கு, தண்ணி குடுக்கட்டுமா?" என்றார். அசல் வீடு பின்தெருவில், செல்போன் ரிப்பேர் கடையாக இருந்தது. டைரக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர், "அழுகை நல்லா வந்திருக்குண்ணே. விட்டுடுங்க" என்றார். அப்படியே ஒளிபரப்பினார்கள். ஊரே பார்த்து உருகியது.

அன்றைக்கே இந்த வேலை எப்படிப்பட்டது என்று எனக்குப் புரிந்திருக்க வேண்டும். எனக்கோ தப்பித்தோம் என்ற நிம்மதிதான் வந்தது.

இப்போது நடிகர் விஷயத்துக்கு வருகிறேன். அவர் பெயரை எழுதமாட்டேன். அவர் போன பேட்டிகளில் எல்லாம் ஒரு கதையைச் சொல்லுவார். அவருடைய தாத்தா அப்பா அம்மா இல்லாதவர், ஸ்ரீரங்கத்திலிருந்து நாடகக் கம்பெனியோடு ஒற்றை வேட்டியில் கிளம்பிப் போய் சென்னையில் காலூன்றியவர் என்று. தாத்தா சினிமா கம்பெனியில் மேலே வந்தார், அப்பா படம் எடுத்தார், இவர் நடிக்கிறார். அந்தத் தாத்தா இருந்த வீட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். கையில் கொடுத்தது தாத்தாவின் பெயரும் ஒரு போட்டோவும்தான். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் இளைஞர். பின்னால் ஸ்டூடியோ திரைச்சீலை. போட்டோவின் இடது ஓரத்தை யாரோ கத்தரியால் வெட்டியிருந்தார்கள். இளைஞரின் தோள்மேல் நாலு விரல் மட்டும் இருந்தது.

அந்த நாலு விரலைப் பற்றிச் சென்னையில் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பத்து நாள் அலைந்தேன். உத்திர வீதி, சித்திரை வீதி என்று சுற்றினேன். தபால்காரர், கரண்ட் ரீடிங் எடுப்பவர், பால்காரர் என்று எல்லோரிடமும் காட்டினேன். கடைசியில் ரேஷன் கடையில் எடை போட்டு ஓய்வுபெற்ற ஒருவர், போட்டோவை எட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு, "பேரைச் சொல்லுங்க... அட, ஓடிப்போன நாடகக்காரரா? அவர் பொண்ணு ஸ்டேஷன் பக்கம் மெஸ் வச்சிருக்கே" என்றார்.

பொண்ணா? அனாதையாகக் கிளம்பிப் போனவருக்குப் பொண்ணு எங்கிருந்து வந்தது?

மத்தியானம் ஒன்றரை மணிக்கு அந்த மெஸ்ஸுக்குப் போய் உட்கார்ந்தேன். ஆறு மேஜை. சுவரில் இரண்டு போட்டோ. ஒன்று வயதான அம்மா. நெற்றி வெறுமையாக இருந்தது. இன்னொன்று, என் பையில் இருந்த அதே போட்டோ. இது முழுசாக இருந்தது. நாற்காலியில் அதே இளைஞர். அவர் தோளில் கை வைத்து நிற்கும் பெண். அந்தப் பெண்ணின் இடுப்பில் குழந்தை. போட்டோவுக்கு அன்று பறித்த நந்தியாவட்டைச் சரம்.

வேதவல்லி அக்காதான் பரிமாறினார். அப்போது அவருக்கு எழுபது. என்னைவிடப் பத்து வயது பெரியவர். ஆனால் மேஜைக்கு மேஜை நடப்பதில் செல்வியைவிட வேகம்.

"போட்டோவுல யாருக்கா?"

"அப்பா, அம்மா. இடுப்புல மூக்கொழுகிட்டு இருக்கிறது நான்" என்று சிரித்தார்.

"அப்பா எப்போ தவறினாரு?"

"அது யாருக்குத் தெரியும்? எனக்கு மூணு வயசுல நாடகக் கம்பெனியோட போனவரு. வரவே இல்ல. பன்னெண்டு வருஷம் பார்த்தாங்க. அப்புறம் தர்ப்பையில ஆள் மாதிரி செஞ்சு, காவேரிக்கரையில வச்சுக் கொளுத்திக் காரியம் பண்ணிட்டாங்க. ரசம் ஊத்தட்டுமா?"

"ஊத்துங்கக்கா."

"எனக்காகத்தான் பண்ணினாங்க. பதினஞ்சு வயசுப் பொண்ணு. அப்பா எங்கேன்னு மாப்பிள்ளை வீட்டுல கேப்பாங்களே. ஓடிப் போயிட்டாருன்னா ஒரு மாதிரி பார்ப்பாங்க. செத்துட்டாருன்னா மேற்கொண்டு கேள்வி கிடையாது. பத்தாம் நாள் அம்மா கழுத்துலேர்ந்து தாலிய எடுத்தப்ப நான் பக்கத்துலதான் நின்னேன். அன்னைக்குலேர்ந்து பூ இல்ல, பொட்டு இல்ல. போய்ச் சேர்ந்து ஒம்பது வருஷமாச்சு. மோர் மிளகா வைக்கட்டுமா?"

நான் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நடிகரின் தாத்தா இறந்தபோது நடிகருக்கு ஆறு வயது என்று பேட்டியிலேயே சொல்லியிருக்கிறார். நடிகருக்கு அப்போது நாற்பது. கணக்கில் நான் புலி இல்லை. ஆனால் இந்தக் கணக்கைப் போட எட்டாம் வகுப்பு போதும்.

பிள்ளைகளே, அந்த நிமிஷத்தில் உலகத்திலேயே இந்த விஷயம் தெரிந்த ஒரே ஆள் நான். யாருக்கு இது முதலில் தெரிய வேண்டுமோ அவர் என் இலைக்கு நேரே, கையில் ரச வாளியோடு நின்றுகொண்டிருந்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? கையைக் கழுவினேன், காசைக் கொடுத்தேன், வெளியே வந்து டைரக்டருக்குப் போன் போட்டேன்.

போனில் அவர் கூச்சலே போட்டுவிட்டார். "அண்ணே! தங்கச் சுரங்கம்ணே இது! நீங்க வாயே தெறக்காதீங்க. அந்தம்மாவுக்கும் தெரியக் கூடாது, சாருக்கும் தெரியக் கூடாது. ரெண்டு பேரும் கேமரா முன்னாடி தெரிஞ்சுக்கணும்."

"தம்பி, அந்தக்காவுக்கு இது... அவங்கம்மா தாலிய எடுத்துட்டாங்க தம்பி. அவரு உசிரோட இருக்கும்போதே."

"அதான்ணே சொல்றேன். சூப்பர் எபிசோடு."

அவர் படித்தவர். நான் படிக்காதவன். படித்தவர் சொன்னால் அதில் ஏதோ நியாயம் இருக்கும் என்று நினைக்கும் புத்தி எனக்குச் சின்ன வயதிலிருந்து ஒட்டிக்கொண்டது. அதோடு, இந்தக் கம்பெனி வேலை கையைவிட்டுப் போனால் அடுத்தது கிடைக்குமோ என்ற பயம். பயந்தவனுக்குக் காரணம் கிடைக்காமல் போகாது.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. ஷூட்டிங்குக்கு முன்னால் இரண்டு தடவை, சொல்லிவிட வேண்டும் என்றே மெஸ்ஸுக்குப் போனேன். முதல் தடவை கூட்டம். இரண்டாவது தடவை நான் மட்டும்தான். "அக்கா, ஒரு விஷயம்..." என்று ஆரம்பித்தேன்.

"அப்பளம் தீர்ந்துடுச்சு. அதானே?"

"ஆமாக்கா" என்றேன்.

சிரிக்காதீர்கள். உங்களுக்கும் இப்படி ஒரு அப்பளம் வந்து நிற்கும்.

சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வாங்கியதும் நான்தான். 'திருச்சி மெஸ்களைப் பற்றி ஒரு நிகழ்ச்சி, ஒரு நடிகர் வந்து சாப்பிடுவார்' என்று சொல்லி வாங்கினேன். அக்கா படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். "நீங்க சொன்னாச் சரி தம்பி" என்றார்.

அந்த நாளுக்காக அக்கா புது மாம்பழக் கலர் புடவை எடுத்திருந்தார். சில்க்காக இருந்தால் கரி படும் என்று காட்டனில். பருப்பு உருண்டைக் குழம்பு வைத்திருந்தார். சத்தம் வரக் கூடாது என்று சவுண்டுக்காரர் ஃபேனையும் ஃப்ரிட்ஜையும் நிறுத்தச் சொன்னார். சித்திரை வெயில். எல்லோருக்கும் வேர்த்து ஊற்றியது. நடிகருக்கு மட்டும் பேட்டரி ஃபேனை மேக்கப்காரர் பிடித்துக்கொண்டு நின்றார்.

நடிகர் நன்றாகத்தான் சாப்பிட்டார். மரியாதையாகவும் பேசினார். அவரைக் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். சாப்பிட்டு முடித்ததும் டைரக்டர் அவரைச் சுவரைப் பார்க்கச் சொன்னார். பார்த்தார். எழுந்தார். சட்டைப் பையில் கொடுத்து வைத்திருந்த வெட்டிய போட்டோவை எடுத்துச் சுவர் போட்டோவுக்குப் பக்கத்தில் பிடித்தார். உடனே அவருக்குக் கண்ணில் தண்ணீர்.

"அம்மா, இது... இது எங்க தாத்தா."

அக்கா கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "எது? அது எங்கப்பாங்க."

"ஆமாம்மா. உங்கப்பாதான் எங்க தாத்தா. நீங்க எனக்கு அத்தை! எனக்கு ஒரு அத்தை இருக்கீங்க!"

அவர் சந்தோஷத்தில் அழுதார், அது நிஜம். அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அக்கா கையை உருவிக்கொள்ளவும் இல்லை, இறுக்கிப் பிடிக்கவும் இல்லை. போட்டோ இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நிதானமாகக் கேட்டார்.

"எப்ப இறந்தாரு?"

"எனக்கு ஆறு வயசு இருக்கும்போது, அத்தை. முப்பத்திநாலு வருஷம் ஆச்சு."

அக்காவின் உதடு அசைந்தது. கணக்குப் போடுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. "எனக்கு முப்பத்தாறு அப்ப" என்றார். "என் கல்யாணம் பத்தொம்பதுல. அப்ப உசிரோட இருந்திருக்காரு."

சுவரில் இருந்த அம்மா போட்டோவைப் பார்த்தார்.

"எங்கம்மா மணவறைப் பக்கமே வரல. வந்தா ஆகாதுன்னாங்க. சமையக்கட்டுல நின்னு ஜன்னல் கம்பியப் புடிச்சுக்கிட்டுத் தாலி கட்டுறதப் பார்த்தாங்க. பெத்த பொண்ணு கல்யாணத்த ஜன்னல் வழியாப் பார்த்தாங்க. அப்ப அவரு மெட்ராஸுல உசிரோட இருந்திருக்காரு."

எனக்குப் பின்னாலிருந்து டைரக்டரின் கிசுகிசுப்பு கேட்டது. "க்ளோஸ் போ. க்ளோஸ் போ. கண்ணு. கண்ணு."

கேமராவைக் கையால் மறைத்தேன் என்று எழுத எனக்கு ஆசை. மறைக்கவில்லை. அக்காவுக்கு நெற்றியிலிருந்து வேர்வை வழிந்து கண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. சுவிட்ச் போர்டு என் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது. ஃபேனைப் போட்டேன். அவ்வளவுதான் நான் செய்தது. பழைய ஃபேன், தடதடவென்று சுற்ற ஆரம்பித்தது.

"கட்! கட்! எவன்யா அது ஃபேனப் போட்டது?"

எல்லோரும் திரும்பினார்கள். டைரக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு, "அண்ணே. ஆஃப் பண்ணுங்க" என்றார்.

அணைத்தேன். ஆமாம், அணைத்துவிட்டேன். அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

பிறகு நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் உடம்பு கொதிக்கிறது. டைரக்டர் அக்காவுக்கு எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். குரலில் தேன். "அம்மா, ரொம்ப அருமையா இருந்துச்சும்மா. ஃபேன் சத்தம் வந்து கெட்டுப்போச்சு. அதையே இன்னொரு தடவ சொல்லிடுங்க. அந்தக் கல்யாணம், ஜன்னல், அதுலேர்ந்து. அதே ஃபீலோட."

முப்பது வயதுகூட இருக்காது அந்த ஆளுக்கு. ஒரு பெண் தன் தாயின் வாழ்க்கை மொத்தமும் பொய்யின்மேல் நின்றது என்று தெரிந்துகொண்டு ஐந்து நிமிஷம் ஆகவில்லை. அதை இன்னொரு டேக் கேட்கிறான். மேக்கப்காரர் பவுடர் டப்பாவோடு கிட்டே வந்துவிட்டார். செல்வி அவர் கையைத் தட்டிவிட்டு, "எட்டப் போய்யா" என்றாள். அங்கிருந்த பதின்மூன்று பேரில் ரோஷம் வந்த ஒரே ஆள் அவள்தான்.

அக்கா எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். முந்தானையால் துடைத்தார். நடிகருக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"சொல்றேன். கேமராவ ஓட விடுங்க" என்றார்.

ஓடியது.

"தம்பி, நீங்க எந்தத் தப்பும் பண்ணல. உங்களுக்கு சோறு போட்டதுல எனக்கு சந்தோஷம்தான். அத்தைன்னு கூப்பிட்டீங்க, கூப்பிடுங்க. ஆனா ஒண்ணு கேக்கணும். எங்கப்பாவுக்குக் காரியம் பண்ண எங்கம்மா கடன் வாங்கினாங்க. சாஸ்திரிகளுக்கு, தர்ப்பைக்கு, வேட்டி துண்டுக்கு, பத்தாம் நாள் வந்தவங்க சாப்பாட்டுக்கு. எல்லாம் சேர்த்து நூத்தி எண்பத்தாறு ரூபா. சத்திரத்துல மாவரைச்சு மூணு வருஷம் அடைச்சாங்க. செத்தவருக்குச் செலவு பண்றது குடும்பத்துக் கடமை. நான் கேக்கமாட்டேன். சாகாதவருக்குப் பண்ணின செலவு அந்த ஆளோட கடன். அவரு சம்பாதிச்சதுலதான் நீங்க இருக்கீங்க. அந்த நூத்தி எண்பத்தாறு ரூபாயக் குடுத்துடுங்க. வட்டி வேணாம். அவரு சொத்துல பங்கும் வேணாம்."

டைரக்டர் குறுக்கே வந்தார். "அம்மா, இது வேணாம்மா. மொதல்ல சொன்னீங்களே, அந்த அழுகையோட..."

"அழுகை ஒரு தடவைதான் வரும் தம்பி. ரெண்டாந்தடவை கேட்டா கணக்குதான் வரும்."

ஆராய்ச்சிப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழ வேண்டியவர்கள் என்று எழுதி வைத்த பட்டியலில் அவள் பெயர் இல்லை.

நடிகர் பர்ஸை எடுத்துவிட்டார். அதை நான் பார்த்தேன், மற்ற பன்னிரண்டு பேரும் பார்த்தார்கள். உள்ளே எல்லாம் ஐந்நூறு ரூபாய்த் தாள். ஒரு கட்டை அப்படியே உருவி நீட்டினார்.

"இது எதுக்கு? நூத்தி எண்பத்தாறு மட்டும் குடுங்க. அதிகமாக் குடுத்தா அது தானம். கம்மியாக் குடுத்தா அது பாக்கி."

"சில்லறை இல்லையே அத்தை..."

மூலையிலிருந்து மருந்து கம்பெனி ரெப் எழுந்தார். காய்ந்த வலது கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இடது கையால் சட்டைப் பையைத் துழாவினார். "என்கிட்ட இருக்கு சார். நூறு, அம்பது, பத்து, காயின் எல்லாம் இருக்கு. மாத்திக்கலாம்."

அப்போதுதான் மேனேஜர் கிட்டே வந்து நடிகரின் மணிக்கட்டைப் பிடித்தார். ரகசியமாகத்தான் சொன்னார். ஃபேனும் ஃப்ரிட்ஜும் நின்றுபோயிருந்த அறையில் ரகசியம் என்பது கிடையாது.

"சார், ஒரு ரூபா கூடக் குடுக்காதீங்க. கேமரா ஓடுது. குடுத்தா, அவருக்கு இவங்க வாரிசுன்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி. நாளைக்கு தாத்தாவோட வளசரவாக்கம் வீட்டுக்குக் கேஸ் போட்டா என்ன பண்ணுவீங்க?"

நடிகர் அக்காவைப் பார்த்தார். மேனேஜரைப் பார்த்தார். பிடித்திருந்த மணிக்கட்டைப் பார்த்தார். அந்த ஒரு நிமிஷம் அவர் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சாய்ந்திருக்கலாம். பணத்தைப் பர்ஸில் வைத்து, பர்ஸைப் பையில் வைத்தார்.

"அத்தை, நான் சென்னைக்குப் போயிட்டு உங்களுக்கு நல்லா செய்யறேன்."

"நல்லா செய்ய வேணாம் தம்பி. கேட்டதச் செஞ்சாப் போதும்."

"கண்டிப்பா அத்தை."

"போயிட்டு வாங்க" என்றார் அக்கா. எழுந்துபோய் ஃபேனைப் போட்டார். ரெப்பிடம், "நீங்க போய்க் கையக் கழுவுங்க, பாவம்" என்றார்.

மறுநாள் காலை நடிகரை அம்மா மண்டபப் படித்துறையில் நிற்க வைத்து, காவிரியில் முழுக்குப் போட வைத்து, தாத்தாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்க வைத்தார்கள். டிவியில் வந்தது அதுதான். பின்னணியில் வீணை. ஒற்றை வேட்டியோடு சென்னைக்குப் போன அனாதை இளைஞனின் கதை என்று ஒரு கனத்த குரல் சொல்லிற்று. மெஸ் வரவில்லை. போட்டோ வரவில்லை. அக்கா வரவில்லை. கேட்டதற்கு, அப்படி ஒரு ஷூட்டே நடக்கவில்லை என்றார்கள். அந்த எபிசோடுக்கு ஏதோ விருதும் கொடுத்தார்களாம்.

இப்போது உங்களிடம் நேராகச் சொல்கிறேன். நடிகருக்கு எதுவும் தெரியக் கூடாது என்பது அவரே ஒப்புக்கொண்ட ஏற்பாடு. அதற்கு அவருக்குச் சம்பளம் உண்டு. எதிரில் நிற்பவர் அப்படி எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு குடும்பத்தைப் பற்றி உங்களுக்கு ஏதாவது தெரியவந்தால், போனை எடுப்பதற்கு முன்னால் அதற்குச் சொந்தக்காரரிடம் போய்ச் சொல்லுங்கள். கதவைச் சாத்திக்கொண்டு, கேமரா இல்லாமல், அவர் உட்கார்ந்த பிறகு சொல்லுங்கள். அவர் அழுவார், திட்டுவார், ஷூட்டிங்கே வேண்டாம் என்பார். வேண்டாமென்றால் வேண்டாம். டைரக்டர் உங்களை வேலையைவிட்டு எடுப்பார். எடுக்கட்டும். அவருக்கு ராத்திரி வண்டி இருக்கிறது, ஏறிப் போய்விடுவார். நீங்கள் இந்த ஊரிலேயே இருப்பீர்கள். சத்திரம் பேருந்து நிலையத்தில் காய்கறிப் பையோடு அந்த அக்கா எதிரில் வரும்போது, நான் செய்ததைப் போலக் கடைக்குள் புகுந்து ஒளிந்துகொள்வீர்கள்.

ஆராய்ச்சிப் பெண் வேனில் ஏறும்போது என்னிடம், "அண்ணே, நீங்களாவது முன்னாடியே அவங்ககிட்ட சொல்லியிருக்கலாமே" என்றாள். நான் வேன் கதவைச் சாத்திவிட்டு, டீசல் இருக்கிறதா என்று பார்க்கப் போனேன்.

மூன்று மாதம் கழித்துத் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு மெஸ்ஸுக்குப் போனேன். சரியாக எண்ணி, கவரில் போட்டுப் பணத்தை எடுத்துப் போயிருந்தேன். சுவரில் அம்மாவின் போட்டோ மட்டும் இருந்தது. கவரை நீட்டினேன்.

அக்கா அதைத் தொடவில்லை. "நீங்க யாரு தம்பி இதக் குடுக்க? அந்தக் கடன் உங்களுது இல்ல. உங்க கடன் வேற. ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா, நான் அறைக்குள்ள போய் அழுதுட்டு வந்திருப்பேன்."

நான் கவரைப் பையில் வைத்துக்கொண்டேன்.

"சாப்பிட வந்திருந்தா உக்காருங்க. காசு குடுக்க வந்திருந்தாக் கிளம்புங்க."

கிளம்பிவிட்டேன். உட்கார்ந்திருக்க வேண்டும்.

நடிகரின் மேனேஜருக்கு இதுவரை ஏழு தடவை போன் செய்தேன். ஒரு தடவை எடுத்தார். "அதெல்லாம் முடிஞ்சுபோன விஷயம்ணே" என்றார். யாருக்கு முடிந்தது?

பட விளம்பரத்துக்கு நடிகர் அடிக்கடி திருச்சி வருகிறார். தில்லை நகர் ஓட்டலில்தான் தங்குகிறார். இனிமேல் அவருக்கு வண்டி வைப்பதும், மாலை வாங்குவதும், கூடவே லிஃப்டில் ஏறுவதும் நீங்கள்தான். லிஃப்ட் கதவு மூடியதும், பயப்படாமல் கேளுங்கள். மரியாதையாகக் கேளுங்கள். அத்தை உயிரோடு இருக்கிறார், மெஸ் அதே இடத்தில்தான் இருக்கிறது, காலை ஏழரைக்குத் திறக்கும் என்று சொல்லுங்கள். சில்லறை இல்லை என்றால் நீங்கள் மாற்றிக் கொடுங்கள். ஐந்நூறாகக் கொடுத்தால் அக்கா வாங்கமாட்டார். இதை எழுதும் இன்றுவரை பாக்கி நூற்று எண்பத்தாறு ரூபாய்.